இடது முன்சக்கரம்

முன்னால் போன மாட்டுவண்டி சட்டென்று நின்றதும் வெள்ளியங்கிரி பிரேக்கை மிதித்தான். வேன் அடங்கி நிற்பதற்குப் பதிலாக வலது பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைக் குறுக்கே கடந்தது. பக்கத்தில் அவன் மனைவி தெய்வாத்தாள் மடியிலிருந்த மகளை வயிற்றோடு சேர்த்து அழுத்திக் கண்ணை மூடிக்கொண்டாள். பின்னால் பனியன் மூட்டைகள் சரியும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது எதிரே ரோடு இல்லை. சுற்றுச்சுவர் இடிந்துபோன கிணறு ஒன்று இருந்தது. அதன் விளிம்பில் முளைத்த எருக்கஞ்செடி வேனின் மூக்கில் உரசி ஆடிக்கொண்டிருந்தது.

"ஏனுங் மாப்ளே, வண்டிக்குத் தீனி கீனி வெக்கறதில்லீங்களா? வேலியோரம் மேயப் போவுதே!" மாட்டுவண்டியை ஓட்டிவந்த அப்புசாமி, உள்ளூர்க்காரர், சிரித்தார்.

"தீனியெல்லாம் ஆச்சுங்க மாமா. தண்ணி காட்டலாம்னு கூட்டியாந்தேன்" என்றான் வெள்ளியங்கிரி.

மாட்டுவண்டி போய்விட்டது. அவன் இறங்கி டயர்களை உதைத்துப் பார்த்தான். காற்று சரியாகத்தான் இருந்தது. வேனைப் பின்னுக்கு எடுத்து, ஆளில்லாத ரோட்டில் மெதுவாக ஓட்டி, ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்தபடி மறுபடி பிரேக்கை மிதித்தான். மறுபடியும் வலது பக்கம்.

"வலது பக்கம் பிரேக்கு அதிகமாப் புடிக்குது புள்ள. உள்ள பிரேக்குக் கட்டை உராஞ்சாத்தான் சக்கரம் நிக்கும். அந்தப் பக்கம் ரொம்ப உராயுது. கொஞ்சம் லூசு பண்ணி உட்டா நேராப் போயிரும்."

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, சாக்கை விரித்து, வலது சக்கரத்துக்குப் பின்னால் அடியில் நுழைந்தான். அவன் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. தெய்வாத்தாளும் மகளோடு இறங்கி நின்றாள்.

உராய்ந்தால்தான் நிற்கும். தெய்வாத்தாள் அதைத் தனக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த உலகத்தில் உராய்வது ஆகாத காரியம். தினமும் காலையில் வீட்டுத் தையல் மிஷினில் உட்காரும் முன் ஒவ்வொரு துளையிலும் எண்ணெய் விடுவாள். கிறீச்சென்றால் ஒரு சொட்டு கூடுதல். ஒரு வாரமாக வேனின் இடது முன்சக்கரம் கத்திக்கொண்டிருந்தது. பெருமாநல்லூரில் பையன்கள் பன்றி மாதிரி கத்திக்கொண்டு வேனின் பின்னால் ஓடினார்கள். நேற்று அவன் குளிக்கப் போயிருந்தபோது அவள் எண்ணெய்க் கேனோடு வாசலுக்கு வந்தாள். சக்கரத்துக்குள் ஒரு துளை தெரிந்தது. கேனின் மெல்லிய மூக்கு அதற்கென்றே செய்ததுபோல உள்ளே போயிற்று. தீரும்வரை அழுத்தினாள். சாயங்காலம் வந்தவன், "சத்தம் நின்னு போச்சு, சென்னிமலையான் புண்ணியம்" என்றான். அவள் ஒன்றும் சொல்லாமல் சோறு போட்டாள். முருகனுக்குப் போன பெயர் உண்மையில் தனக்குரியது என்று உள்ளுக்குள் இனித்தது.

எண்ணெய் பட்ட கட்டை உராயாது, வழுக்கும். பாசி பிடித்த படியில் இடது கால் வழுக்கினால் உடம்பு எந்தப் பக்கம் திரும்பும்? ஊன்றிய வலது காலைச் சுற்றித்தான். குடத்தோடு அப்படி ஒருமுறை சுழன்று விழுந்திருக்கிறாள். இப்போது அவன் வேனின் ஊன்றிய காலையும் தளர்த்திக்கொண்டிருக்கிறான். இனி வேன் எந்தப் பக்கமும் இழுக்காது. நிற்கவும் நிற்காது. ரோடு சற்றுத் தள்ளி இறக்கத்தில் இறங்கி ரயில்வே கேட்டில் போய் முடிகிறது.

சொல்லிவிடலாம். வாய் வரவில்லை. அடிக்கிற ஆளாக இருந்தால் சொல்லி அடியை வாங்கிக்கொண்டிருப்பாள். போன தையில் ஒரு கட்டுத் துணியைக் கோணலாகத் தைத்துவிட்டாள். அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் அவளுடைய மிஷினில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். சித்திரை வரை அவள் அடுப்படியில் இருந்துகொண்டு தன் மிஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டாள். யாருமே அவளைக் குற்றம் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

அடியில் ஸ்பேனர் 'கிர்க்' என்று திரும்பியது. மகள் ரோட்டோரத்து எருக்க மொட்டுகளை நசுக்கி வெடிக்கவைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க."

"ம்."

"வலது பக்கம் ஒண்ணுமில்லீங்க."

"உனக்கென்ன புள்ள தெரியும் அதப்பத்தி? வெயில்ல நிக்காத, கொழந்தயக் கூட்டீட்டு மேல ஏறி உக்காரு. இப்ப முடிஞ்சுரும்."

மறுபடி 'கிர்க்'. அந்தச் சத்தம் அவள் பல்லுக்குள் கேட்டது.

"எடது சக்கரத்துல நான் எண்ணெ உட்டனுங்க. நேத்து. மிஷின் எண்ணெ. கத்துதேன்னு உட்டேன்."

ஸ்பேனர் நின்றது. வெளியே நீட்டிய கால்கள் அசையவில்லை. பேசியது தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. பிறகு கால்கள் மெதுவாக வேனுக்கடியில் இழுபட்டு மறைந்தன. புழுதியில் முதுகு தேயும் ஓசை வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் நகர்ந்தது. அவளும் மகளைத் தூக்கிக்கொண்டு வேனைச் சுற்றி அந்தப் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

சக்கரத்துக்குப் பின்னால், இருட்டுக்குள், அவன் முகம் சரியாகத் தெரியவில்லை. விரலை உள்ளே விட்டுத் துழாவினான். மூக்கருகே கொண்டுபோனான்.  பிறகு அந்த விரலைச் சக்கரத்தின் ஓரமாக வெயிலுக்கு நீட்டினான். அதன் நுனியில் கரி கலந்த ஒரு சொட்டு எண்ணெய் மினுங்கியது. அவளிடம் காட்டுகிறானா, தானே பார்க்கிறானா, தெரியவில்லை. சொட்டு விழாமல் நின்றுகொண்டிருந்தது.