கம்பெனி பஸ்ஸில் மேகலாவின் பாட்டு

இறந்துபோன என் மனைவி மேகலாவைப் பற்றி நான் எழுதியதுதான் எங்கள் இசைக்குழுவின் முதல் பாட்டு. டிரம்ஸ் வாசிக்கும் அவள் தம்பி கோபி, அதைக் குத்துப்பாட்டாக மாற்றிவிட்டான்.

"சோகமா இருந்தா ஷிப்டுக்குப் போறவன் தூங்கிருவான் மாமா. பஸ்ல போட்டுப் பாப்போம். நீ வேணாம்னா வெளியிட வேணாம்."

கம்பெனி பஸ் டிரைவரிடம், "எங்க மாமா எழுதுனதுண்ணே" என்று பென் டிரைவைக் கொடுத்தான். ஜூஜுவாடி தாண்டுவதற்குள் பின்சீட்டுப் பெண்கள் கைதட்டி ஆடத் தொடங்கினார்கள். எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை.

"யாருண்ணா அந்தப் பொண்ணு? குடுத்து வெச்சவ!" என்று ஒருத்தி கத்தினாள்.

கோபி என் பக்கம் திரும்பாமலே கேட்டான். "என்ன மாமா, வெளியிட்டுரலாமா?"

"தெரியலடா. இன்னொரு தடவ போடச் சொல்லு."