தோளுக்குப் போன உப்பு

1

“டீச்சர், ஊதினா ஏன் வலி போவுது? சாமியா ஊதுறாரு?”

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் எங்கள் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஐலீன் கேட்டாள். மெழுகு உருகி அவள் விரலில் சொட்டியிருந்தது, நான் ஊதிக்கொண்டிருந்தேன். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாததால் இன்னும் கொஞ்சம் ஊதினேன்.

பிறகு படித்துப் பார்த்தேன். நம் தோலின் மேற்பரப்பு செத்த செல்களால் ஆன கவசம். நரம்பு நுனிகள் அதற்குக் கீழே காத்திருக்கின்றன: சூட்டுக்குச் சில, குளிருக்குச் சில, தொடுதலுக்குச் சில, காயத்துக்கென்றே சில. வலியின் செய்தி இரண்டு வழியாகப் போகிறது. வேகமானது கையை இழுக்க வைக்கிறது. மெதுவானது வந்து தங்கிவிடுகிறது. எல்லாச் செய்திகளும் முதுகுத்தண்டில் ஒரு வாசலைக் கடக்க வேண்டும். குளிர்ச்சியும் தொடுதலும் அங்கே முண்டியடித்தால் வலி கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறது.

(வாசலைக் கட்டியது யார் என்று புத்தகம் சொல்லவில்லை. ஐலீனின் இரண்டாவது கேள்வியை நான் அடித்துவிடவில்லை.)

இதை எங்கள் கோயில் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்கும் பேட்ரிசியா ஆண்ட்டியிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து ஆண்ட காலத்தில் தன் அப்பா வைத்தியம் பார்த்த ஒரு தோளைப் பற்றிச் சொன்னார். இந்தக் கதை அங்கிருந்து வந்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: பெக்கான் நானாஸ் தோட்டத்து வானத்தில் துப்பாக்கிச் சத்தம் எழுந்த அந்த

இல்லை. இந்தக் கதையில் துப்பாக்கியே வெடிக்கவில்லை. கதை கனமாக இருக்கட்டும் என்று நானாக வெடிக்கவைத்துப் பார்த்தேன்.

இரண்டாவது தொடக்கம்: அர்ச்சுனன் மரவள்ளிச் செடியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. மூச்சைப் பிடித்து இன்னொரு முறை இழுத்தான். கிழங்கும் வந்தது, அவனும் போய் ஒரு பழைய அன்னாசிக் கட்டையின்மேல் விழுந்தான்.

இது சரி. வலது தோள் வீங்கியது. கை இடுப்புக்கு மேல் ஏறவில்லை. அந்த வாரக் கடைசியில் அவனுக்குக் கல்யாணம்.

தள்ளிப்போட முடியாத கல்யாணம். ஜப்பான்காரர்கள் இளைஞர்களைச் சயாம் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கல்யாணம் ஆனவனை விட்டுவிடுவார்கள் என்று தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், ஒரு பேச்சு. அது உண்மையோ பொய்யோ, வீட்டுக்கு வீடு முகூர்த்தம் முந்தியது. முதல் முடிச்சை மாப்பிள்ளை தன் இரண்டு கையாலும் போட்டால்தான் தாலி. மணப்பெண் சந்திரமதியோ அவனைவிட ஒரு பிடி உயரம்.

3

பேட்ரிசியா ஆண்ட்டியின் அப்பா ரபேல் அந்தத் தோட்டத்தின் டிரெசர், அதாவது மருந்து கட்டுபவர். அலமாரியில் காலிப் புட்டிகள்தான் இருந்தன. அவர் கிணற்றுத் தண்ணீரில் துணியை நனைத்து நனைத்துத் தோளில் போட்டார். சிம்பாங் ரெங்கத்திலிருந்து வந்திருந்த சந்திரமதியின் சித்தி கிருஷ்ணம்மாவுக்கு அது பொறுக்கவில்லை.

“பச்சத் தண்ணிய ஊத்தி ஊத்தி மாப்பிள்ளைக்குச் சளி புடிக்க வைக்கிறீங்களா டிரெசரய்யா?”

“அடிபட்ட உடனே சூடு வெச்சா இன்னும் வீங்கும்மா. மொதல்ல வடியட்டும்.”

கல்யாணத்துக்கு முந்தின நாள் அவள் மறுபடி வந்தாள். “நாளைக்குக் காலைல கல்யாணம். உங்க வீக்கம் என்னைக்கு வடியும்?”

“வடிஞ்சிருச்சு. இனிமே உங்க கச்சி. சூடு வைங்க.”

(இருவருமே சரி. குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வீக்கத்தை அடக்கும்; நரம்பின் ஓட்டத்தையும் மந்தமாக்கும். வீக்கம் வடிந்தபின் இறுகிக் கிடக்கும் தசைக்குச் சூடு வேண்டும். ரத்தம் ஓடும், தசை இளகும். அவரவர் நேரத்துக்குக் காத்திருக்கத் தெரிந்தால் பாதிச் சண்டை மிச்சம்.)

கிருஷ்ணம்மா ஊர் வழக்கப்படி ஒத்தடத்துக்கு வாசல் மண்ணை அள்ளிச் சட்டியில் வறுத்தாள். பெக்கான் நானாஸ் மண் அப்படிப்பட்டதல்ல. அது மக்கிய இலையும் வேருமான கரிமண். சட்டியிலிருந்து புகை கிளம்பியது.

“அலமாக்! மண்ணு தீயுதுடி!” என்று மலாயில் பாதி, தமிழில் பாதியாக அலறினாள்.

லயமே கூடிவிட்டது. மாப்பிள்ளை தோளைப் பிடித்துக்கொண்டு, “சிரிக்க வைக்காதீங்க, வலிக்குது” என்று கெஞ்சினான்.

கல்லைச் சுட்டு வைத்தால் தோள் வளைவில் உட்காராது. அரிசியைக் கண்டு மாதங்களாயிற்று. “உப்புதான் பதமா உக்காரும்” என்றார் ரபேல். சிரிப்பு நின்றது. அந்த நாளில் உப்பு யாரிடம் இருக்கிறது?

4

இங்கே ராஜம்மா வருகிறாள். அடுத்த வீட்டுக்காரி. முதலில் அவளை வாரி வழங்கும் மனம் படைத்தவளாக எழுதி, ஆண்ட்டியிடம் படித்துக் காட்டினேன்.

“ராஜம்மாவா? அடுப்புக்கு நெருப்புக் கேட்டாகூட எப்பத் திருப்பித் தருவேன்னு கேப்பாங்களாம்லா!”

ஆகவே அடித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். சந்திரமதியே போய்க் கேட்டாள்.

“உப்பா? என் நாக்கே அத மறந்துபோச்சு. எதுக்கு?”

“அவரு தோளுக்கு, அக்கா.”

“ஏன்டி, ஜப்பான்காரனுக்குக் குனிஞ்சாப் போதும், உனக்குக் கை தூக்கணுமா? கொஞ்சம் குள்ளமாப் பொறந்திருக்கக் கூடாது?”

“திருப்பிக் குடுத்துருவேன்கா.”

“குடுக்காம எங்க போயிருவ?”

ராஜம்மா அடுப்பு மேடைக்கு அடியிலிருந்து ஒரு பால் டின்னை எடுத்தாள். உள்ளே இருந்த உப்பில் பாதியைச் சந்திரமதியின் துணியில் கொட்டினாள். கொஞ்சம் யோசித்தாள். மீதியையும் கொட்டினாள்.

அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். தயவைக் கேள்வி கேட்டால் அது கூச்சப்படும்.

5

வறுத்த உப்பைத் துணியில் முடிந்து, ரபேல் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்து, தோளில் ஒத்தி எடுத்தார். ஆறியதும் கிருஷ்ணம்மா மறுபடி வறுத்துத் தந்தாள். அர்ச்சுனனின் முகம் மெல்ல அவிழ்ந்தது.

மறுநாள் கை ஏறியது. சந்திரமதியின் தோள்வரைதான் ஏறியது. மேளம் முழங்கியது. அவள் வெட்கப்படுவதுபோல் நன்றாகத் தலை குனிந்தாள். ஏறாத மிச்சத்தை இறங்கிக் கொடுத்தாள். முடிச்சு விழுந்தது.

விருந்து மரவள்ளிக் குழம்புதான். ராஜம்மா கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

“என்னாடி கிருஷ்ணம்மா, எத்தன மாசமாச்சு இந்த ருசி கண்டு! சரி, என் உப்பு எங்க?”

“நீங்கதான் இப்பச் சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க.”

ராஜம்மா தன் இலையைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் தோளைப் பார்த்தாள். “அதானே, வேர்வை வாசம் அடிக்குதேன்னு பார்த்தேன்!” என்றாள். மறுபடியும் குழம்பு கேட்டாள். பந்தியே சிரித்தது.

ஆனால் டின் காலி. கடன் நின்றது.

6

ஒரு முடிவு: மூன்றாம் நாள் லாரி வந்தது. அர்ச்சுனனை

இல்லை. அப்படி ஏறிப்போனவர்கள் ஏராளம். திரும்பாதவர்களுக்காக இந்த வரியில் ஒரு நிமிடம் நிற்கிறேன். அர்ச்சுனனை லாரி விட்டுப்போனது என்பது ஆண்ட்டி உறுதியாகச் சொன்னது.

இன்னொரு முடிவு: யுத்தம் முடிந்து கடைகளுக்கு உப்பு வந்ததும் சந்திரமதி லயத்தார் முன்னால் ராஜம்மாவுக்கு

இதுவும் இல்லை. சந்திரமதி திருப்பிக் கொடுத்ததை யாருமே பார்க்கவில்லை. ஆண்ட்டிக்குத் தெரியாது. கொடுத்தாள் என்று நான் விசுவசிக்கிறேன்.

ஒரு மத்தியானம் என்று வைத்துக்கொள்வோம். ராஜம்மா கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். கதவு சாத்தியிருக்கிறது, பூட்டவில்லை. சந்திரமதி அதே துணி முடிச்சோடு வாசலில் நிற்கிறாள்; இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறாள்.

எனக்கு இங்கேதான் தடுமாற்றம். எழுதினால் நான் சாட்சியாகிவிடுவேன், படித்தால் நீங்களும். அவளோ யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருக்கிறாள். ஆகவே பேனாவை மூடுகிறேன். நீங்களும் தயவுசெய்து கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளுங்கள்.

(                    )

இப்போது திரும்பலாம். வீட்டில் யாரும் இல்லை. அடுப்பு மேடைக்கு அடியில் பால் டின்னின் மூடி மட்டும் சற்றுக் கோணலாக இருக்கிறது.