கயிறு பிடித்தவரின் செபமாலை

பவுலுக்குச் செபமாலை சொல்ல வராது என்று யாராவது சொன்னால் திரேஸ்புரத்தில் சிரிப்பார்கள். சங்கு குளிக்கப் போகிற படகில் கயிறு பிடிக்கிறவர் அவர். தங்கை புருஷன் பிரைட்டன் இடுப்பில் கயிறும் வாயில் காற்றுக் குழாயுமாகத் தண்ணீருக்குள் இறங்கியதும், ஒரு கையில் கயிற்றையும் மறு கையில் செபமாலையையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஐம்பத்துமூன்று மணியும் சொல்லி முடித்தால் கயிற்றை இரண்டு இழுப்பு இழுக்க வேண்டும். உடனே பிரைட்டன் ஏறி வந்துவிடுவான். அடியில் சங்கு பொறுக்குகிறவனுக்கு நேரம் தெரியாது. மேலே இருக்கிறவருடைய இழுப்பை நம்பித்தான் அவன் கீழே இருக்கிறான்.

கடிகாரம் கட்டிக்கொண்டால் என்ன என்று மகள் ரீனா ஒருமுறை கேட்டாள். "கடிகாரத்துக்கு பேட்டரி மாத்தணும், மாதாவுக்கு மாத்த வேண்டாம்" என்றார். அவ்வளவு திமிர். உண்மையைச் சொன்னால் அது செபமே இல்லை. உதடு பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போகும், மனசு சங்கு விலையையும் வீட்டுக் கூரை ஒழுகலையும் சுற்றிக்கொண்டிருக்கும். அவருக்கு அது தெரியும். ஆனாலும் ஒரு நாளும் மணி தப்பியதில்லை, பிரைட்டனும் ஒரு நாளும் நேரம் தப்பி வந்ததில்லை.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு இப்போது ஒரு மணியைக்கூட உருட்ட முடியவில்லை. இன்றைக்குப் பார்த்து மாதா சுரூபம் அவர் வீட்டுக்கு வருகிறது.

அக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் தெருவில் மாலைதோறும் ஒரு வீடு. மாதாவைத் தூக்கி வருவார்கள், தெருவே கூடிச் செபமாலை சொல்லும், வீட்டுக்காரர்தான் முன்னால் நின்று சொல்லித் தர வேண்டும். அந்த வீட்டில் என்ன நன்மை நடந்ததோ அதற்காகத் தொடக்கத்திலேயே நன்றி சொல்வது வழக்கம். பவுல் வீட்டில் இந்த வருஷம் சொல்வதற்குப் பெரிய நன்றி இருந்தது. கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கோயில் கோயிலாக அழுது நடந்த ரீனா இப்போது உண்டாகியிருக்கிறாள். முத்தையாபுரத்திலிருந்து மத்தியானமே வந்து, அம்மா எமில்டாவோடு சேர்ந்து வீட்டைக் கழுவி, பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை போட்டிருந்தாள்.

"ஏளா, இன்னைக்கு நீயே சொல்லிக் குடுத்திரேன்" என்றார் பவுல்.

எமில்டா பூச்சரத்தை அப்படியே பிடித்துக்கொண்டு திரும்பினாள். "ஏன், ஒங்க வாய்க்கு என்ன வந்துச்சு? ஊருக்கெல்லாம் சொல்லுதீய. மகளுக்குப் புள்ள குடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்ல மட்டும் நாக்கு வரலையா?"

வரவில்லைதான். அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

எல்லாம் அந்த ஒரு நாளில் வந்தது. படகில் அவர்கள் இரண்டு பேர்தான். பிரைட்டன் இறங்கி, பவுல் செபமாலையின் மூன்றாவது பத்துக்கு வந்திருப்பார், போன் அடித்தது. "யப்பா, டாக்டர் உறுதியாச் சொல்லிட்டாங்கப்பா" என்று ரீனா அழுதாள். அவரும் அழுதார். போனை வைத்த பிறகு எந்த மணியில் நின்றோம் என்று தெரியவில்லை. அதைப் பற்றிக் கவலையும் இல்லை. முதல் மணியிலிருந்து நன்றியாகச் சொல்லத் தொடங்கினார். ஒவ்வொரு சொல்லும் நெஞ்சிலிருந்து வந்தது. கடல் கண்ணில் படவில்லை, கையிலிருந்த கயிறும் நினைவில் இல்லை. முழுவதையும் சொல்லி முடித்து, போதாமல் இன்னொரு முறையும் தொடங்கினார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் பவுல் உண்மையாகச் செபம் செய்தார்.

நினைவு வந்து அவர் கயிற்றைத் தேடும்போது, காற்றுக் குழாயில் சத்தம் மாறுவதைக் கேட்டு பிரைட்டனே மேலே வந்துகொண்டிருந்தான். சங்குப் பை நிறைந்திருந்தது, சிரித்தான். கரைக்கு வந்து இறங்கும்போது கால் மடங்கி விழுந்தான். அளவுக்கு மேல் நேரம் ஆழத்தில் இருந்துவிட்டார், கால் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

அங்கே கட்டிலைச் சுற்றி எல்லோரும் நின்றபோது பிரைட்டனே சொன்னான்: "மச்சான் எப்பவும் போல இழுத்திருப்பாரு. சங்கப் பாத்த வெறியில எனக்குத்தான் தெரியல."

பவுல் வாயைத் திறந்தார். அதற்குள் நர்ஸ் வந்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னாள். அவ்வளவுதான் நடந்தது. அன்றைக்குச் சொல்லாததை மறுநாள் சொல்வது கஷ்டமாக இருந்தது, அதற்கு மறுநாள் இன்னும் கஷ்டமாக இருந்தது. தங்கை மரியசெல்விக்கோ புருஷன்மேல் ஆத்திரம் தீரவே இல்லை. அண்ணன் இழுத்த கயிறுகூடத் தெரியாத அளவுக்கு உனக்கு ஆசை கண்ணை மறைத்துவிட்டதா என்று சோறு வைக்கும்போதும் திட்டு, துணி மாற்றும்போதும் திட்டு. பிரைட்டன் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வான். தினமும் பார்க்கப் போகிற பவுலும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆண்டவரிடம் சண்டையும் போட்டுப் பார்த்தார். நன்றி சொன்னதற்கா இந்தக் கூலி, வாயளவில் சொன்ன காலமெல்லாம் காப்பாற்றிவிட்டு, மனசாரச் சொன்ன அன்றைக்கா கைவிடுவீர் என்று. ஆனால் கயிறு ஆண்டவர் கையில் இல்லை, தன் கையில்தான் இருந்தது என்பது அவருக்குத் தெரியும். அதனால் சண்டை பாதியிலேயே நின்றுபோகும், தூக்கமும் போகும்.

பொழுது சாயும் நேரம் பாட்டுச் சத்தத்தோடு மாதா வந்தாள். பின்னாலேயே இரண்டு பையன்கள் பிரைட்டனை நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் வைத்தார்கள். மரியசெல்வி அவன் காலைத் தூக்கி ஒழுங்காக வைத்தாள்.

"எல்லாரும் பாக்குதாக, நிமிந்து இருங்க" என்று முணுமுணுத்தாள். "அன்னைக்கு அண்ணன் இழுத்த ஒடனே வந்திருந்தா இன்னைக்கு நடந்து வந்திருக்கலாம்."

பவுல் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் நின்றார். ரீனாவுக்காக நன்றி சொன்னார். குரல் கரகரத்தது, சந்தோஷத்தில் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். செபமாலையைத் தொடங்கினார். முதல் பத்து போயிற்று, இரண்டாவதும் போயிற்று. மூன்றாவது பத்தில் விரல் மணியைத் தொட்டபோது உள்ளங்கையில் ஈரக்கயிறு இருப்பது போலவே இருந்தது. பேச்சு நின்றுவிட்டது. மறந்துவிட்டார் போலும் என்று யாரோ அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தார்கள். அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"மாப்ள" என்றார். "நான் கயித்த இழுக்கல."

பிரைட்டன் நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்க கீழ இருக்கும்போது ரீனா போன் பண்ணுனா. புள்ள உண்டாயிருக்குன்னு சொன்னா. நான் நன்றி சொல்ல ஆரம்பிச்சேன். சொல்லிக்கிட்டே இருந்துட்டேன். நீங்க கீழ இருக்கிய அப்படிங்கதே மறந்துபோச்சு."

ரீனாவின் கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. எமில்டா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மரியசெல்வி அண்ணனைப் பார்க்கவே இல்லை. புருஷனைத்தான் பார்த்தாள், இத்தனை நாள் அவன்மேல் கொட்டியதெல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டி இருட்டில் போய் நின்றாள்.

"அப்ப இழுப்பே வரலையா?" என்றான் பிரைட்டன்.

"வரல."

"கயிறு இழுக்கதுகூட ஒறைக்காத ஆளா ஆயிட்டோமேன்னு நெனச்சு நெனச்சுச் செத்தேன் மச்சான்." உயிரில்லாத காலைக் கையால் தட்டிக் காட்டினான். "கால் போனதக்கூட விடுங்க. ஆளுக்கு மறதி வரும். அவ என்னய ஏசும்போதெல்லாம் நீங்க பக்கத்துலதான இருந்தீய?"

"ஆமா" என்றார் பவுல்.

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்வரிசையில் எழுந்த ஒருவர், மாதாவை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாமா என்று மெதுவாகக் கேட்டார். இரண்டு பேர் சுரூபத்தின் பக்கம் வந்துவிட்டார்கள்.

"எடுக்காதீய" என்றான் பிரைட்டன். "புள்ளைக்கு வச்ச செபம் பாதியில நிக்குது. புள்ள என்ன பாவம் செஞ்சுது?"

அவன் கையை நீட்டினான். தன்னை அடிக்கப்போகிறான் என்றே பவுல் நினைத்தார், அடித்தாலும் நல்லது என்று கிட்டே போய்க் குனிந்தார். பிரைட்டன் அவர் கையிலிருந்த செபமாலையை வாங்கி, மூன்றாவது பத்தின் முதல் மணியைத் தேடிப் பிடித்தான். அவன் முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"நீங்க சொல்லுங்க மச்சான்" என்றான். "மணிய நான் எண்ணுதேன்."

பவுல் வெறுங்கையோடு நின்று சொல்லத் தொடங்கினார். வீட்டிலிருந்தவர்கள் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னார்கள். வாசலுக்கு வெளியே முதுகைக் காட்டி நின்ற மரியசெல்வி பதில் சொல்லவும் இல்லை, அங்கிருந்து போகவும் இல்லை. பிரைட்டன் ஒரு மணியைத் தள்ளிவிட்டு, அடுத்ததைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.