பானெட்டுப் பூட்டு

விடிந்தும் விடியாத நேரத்திலேயே பங்காருபாளையம் மாங்கூழ் ஆலையில் லாரியிலிருந்து தோத்தாபுரிப் பழம் இறங்கிக்கொண்டிருந்தது. செல்லியம்மாவும் மற்ற சுமைக்காரப் பெண்களும் கிரேட்டைத் தலைக்கு ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார்கள். காம்பில் வடியும் பால் பட்டு அவர்கள் முழங்கையெல்லாம் வெந்து கறுத்திருந்தது.

நேற்று மலையேற்றத்தில் வெள்ளைப் புகை கக்கி நின்றுபோன பழைய டிராக்டரை முற்றத்தின் மூலைக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். ஆலையின் வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிட்டர் பாலையா அதன் முன்னால் குந்தியிருந்தான். முதலாளி ரமணா வந்தார். பழத்துக்கு விலை இறங்கும், அவர் குரல் மட்டும் இறங்காது. வந்ததும் வராததுமாக டிரைவர் சுரேஷ்பாபு மேல் பாய்ந்தார்.

"ஏமிரா, வண்டி கழுவுறேன்னு ஆயில்ல தண்ணி உட்டுட்டியா? இன்னியோட உன் வேலை போச்சு."

"நான் உடல சார். வண்டி சூடாவுது, தண்ணி ஊத்தணும்னு மூணு நாளா சொல்லிக்கினு கீறேன். பானெட்டு சாவி குடுத்தீங்களா?"

"வாயை மூடு. பாலையா, நீ சொல்லு. எல்லாரும் கேக்கட்டும். யோசிச்சுச் சொல்லு."

அந்த 'யோசிச்சு' எதற்கு என்று பாலையாவுக்குத் தெரியும். மகள் ஹரிதாவை இந்த வருஷம்தான் சித்தூரில் நர்சிங் சேர்த்திருந்தான். வேலை போனால் பீஸ் கட்ட வழியில்லை.

ரமணா இடுப்புச் சாவியால், இஞ்சினை மூடியிருந்த பானெட்டின் பூட்டைத் திறந்தார். டிரைவர்கள் டீசல் திருடுகிறார்களாம். சீசன் தொடங்கியதுமே நான்கு டிராக்டருக்கும் பூட்டு. சாயங்காலம் டீசல் ஊற்ற மட்டும் அவரே திறந்து, உடனே பூட்டிவிடுவார். டீசல் டாங்கியோடு ரேடியேட்டர் மூடியும் உள்ளே மாட்டிக்கொண்டது. பகலில் தண்ணீர் வற்றினாலும் ஒருவரும் கை வைக்க முடியாது. அந்தப் பூட்டுக் கொக்கிகளை வெல்டு வைத்தவன் பாலையாதான். அன்றைக்கு அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

பாலையா ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினான். பால் விட்ட காபி நிறத்தில் வழிந்தது.

"பாத்தியா! கழுவுன தண்ணி!" என்றார் ரமணா.

பாலையா ரேடியேட்டர் மூடியைத் திருகி விரலை விட்டான். அங்கேயும் கொழகொழவென்று எண்ணெய் ஆடை. சுரேஷ்பாபுவை ஒரே ஒரு நொடி இஞ்சினை ஓட்டச் சொன்னான். ரேடியேட்டரில் மிச்சமிருந்த தண்ணீர் குமிழி குமிழியாகப் பொங்கியது. இனி சந்தேகமே இல்லை.

"மேலேர்ந்து தண்ணி உட்டா ஆயிலு மட்டும்தான் கெடும் சார். ஆயிலு எப்டி ரேடியேட்டருக்குப் போவும்? தண்ணி வத்தி, ஆயிலும் தண்ணியும் சேராம தடுக்குற ஹெட்டு கேஸ்கெட்டு சூட்டுல எரிஞ்சுபோச்சு. ரெண்டும் உள்ளுக்குள்ளயே கலக்குது."

"தண்ணி பாக்க வேண்டியது டிரைவருதானே?"

"பூட்டுக்குள்ள பூந்தா பாப்பான்?" கிரேட்டைத் தொப்பென்று போட்டுவிட்டுக் கேட்டாள் செல்லியம்மா.

"உன்னைக் கேட்டனா? போய்ப் பழத்தைத் தூக்கு!"

பாலையாவுக்கு வெட்கமாக இருந்தது. அவள் கேட்டதை அவன் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

"தப்பு என் மேலயும் கீது சார். எங்கள திருடன்னு சொல்லிப் பூட்டச் சொன்னீங்க. நானும் வாய மூடிக்கினு கொக்கி வச்சேன். வண்டிய கொன்னது அந்தப் பூட்டுதான். சுரேஷ்பாபு இல்ல."

"அப்ப நீயும் அவனோட கிளம்பு."

முற்றத்தில் உறுமிக்கொண்டிருந்த மற்ற மூன்று டிராக்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. டிரைவர்கள் இறங்கி வந்து வண்டிச் சாவிகளைப் பழைய டிராக்டரின் மட்கார்டு மேல் வைத்தார்கள். பெண்கள் கிரேட்டுகளைத் தரையில் இறக்கிவிட்டு அவற்றின் மேலேயே உட்கார்ந்தார்கள். கேட்டுக்கு வெளியே லாரிகள் ஹாரன் அடித்தன.

"வெயில் ஏறுனா பழம் அழுகிடும்! எல்லாரையும் நிறுத்திட்டு வேற ஆளு வைப்பேன்!" ரமணா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு கத்தினார்.

"வையுங்க. இந்த ரெண்டு பேரும் வேலையில இருக்கணும், பூட்டு போவணும். அது வரைக்கும் ஒரு பழம் நகராது," என்றாள் செல்லியம்மா.

பாலையா உளியையும் சுத்தியலையும் எடுத்துப் பழைய டிராக்டரின் பூட்டுக் கொக்கியை அடித்தான். தான் வைத்த வெல்டு, கெட்டியாகத்தான் இருந்தது. ஏழாவது அடியில் கொக்கி பெயர்ந்து மண்ணில் விழுந்தது. மனசு லேசாகியிருந்தது.

"இன்னும் மூணு கீது பாலையாண்ணா," என்று சுரேஷ்பாபு அடுத்த டிராக்டரின் பானெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.