ஆறு பாய் அறைக்குள் வந்த குளியல்கூடம்

மாட்சுநோயு குளியல்கூடத்தை, ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் இரண்டையும் சேர்த்து, நாற்பத்திரண்டு குழாய், சுவரில் வரைந்த ஃபூஜி மலை, புகைபோக்கி உட்பட, ஒரு சொட்டு வெந்நீர்கூடச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு வந்து ஆறு பாய் விரித்தால் நிறைந்துவிடும் தன் வீட்டு அறைக்குள் வைத்ததாக ஹமுரோ தொகுஜி சொல்லிக்கொண்டு திரிகிறார். தோஃபு கடை வாசலில் சொல்வார். முடிவெட்டும் இடத்தில் கழுத்தில் துணி கட்டிய பிறகும் சொல்வார். கேட்பவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதைப் பொய் என்று அடித்துச் சொல்ல இந்த ஓசாகாவிலேயே ஒருவருக்குத்தான் உரிமை உண்டு: குளியல்கூடத்தின் சொந்தக்காரர் முரவாகி. அவர் என்ன சொன்னார் என்பதற்குப் பிறகு வருவோம். முதலில் சண்டையைச் சொல்ல வேண்டும். இந்தக் கதையில் சண்டைதான் அடுப்பு. மற்றதெல்லாம் அதன் மேல் கொதித்தது.

ஊரில் டிராம் தண்டவாளங்களைப் பிடுங்கி நாலு வருடம் ஆகியிருந்தது. தொகுஜி முப்பத்தொரு வருடம் டிராம் நடத்துநராக இருந்தவர். அவர் "தென்னோஜி" என்று ஒரு குரல் கொடுத்தால், தென்னோஜிக்குப் போகாதவர்களும் பயந்து இறங்கிவிடுவார்கள். வேலை போன பிறகு அந்தக் குரலுக்கு மாட்சுநோயுவை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. எங்கள் தெருவில் யார் வீட்டிலும் குளியலறை கிடையாது என்பதால் தினமும் மாலை நாலு மணிக்கு மாட்சுநோயு திறந்ததும் முதல் ஆளாக உள்ளே போவார். உடம்பைத் தேய்த்துக் கழுவிவிட்டு, சிறிய துண்டை நாலாக மடித்துத் தலைமேல் வைத்துக்கொண்டு, கழுத்தளவு வெந்நீரில் உட்கார்ந்து ஒரே ஒரு பாட்டைப் பாடுவார். துறைமுகத்தில் ஒருத்தி காத்திருக்கிறாள், கப்பல் வரவில்லை, அவ்வளவுதான் பாட்டு. மூன்றாவது அடியில் "வருவாயா" என்று ஓர் உச்சம் வரும். அங்கே தொகுஜி தலையைப் பின்னால் சாய்ப்பார். துண்டு வழுக்கித் தண்ணீரில் விழும்.

முரவாகி வாசலில், இரண்டு பக்கத்துக்கும் நடுவே, காசு வாங்கும் உயர மேடைமேல் உட்கார்ந்திருப்பார். இடது காதில் ஆண்கள் பக்கம், வலது காதில் பெண்கள் பக்கம். துண்டு தண்ணீரில் விழுந்தால் அவருக்கு ஆகாது. பத்து வருடமாக அந்த உச்சம் வந்ததும் மேடையிலிருந்து "துண்டு" என்று ஒரு கத்தல் விழும். ஒருநாள் அதோடு நிற்கவில்லை.

"துண்டு, தொகுஜி-சான். தண்ணியில ஊறுது பாருங்க."

"பாட்டு நடக்குது. முடியட்டும், எடுக்கிறேன்."

"பத்து வருஷமா இதையேதான் சொல்றீங்க. அது ஊரே உட்கார்ற தண்ணி. உங்க தலை அழுக்கக் கரைக்கிற சட்டி இல்ல."

"ஊரே இங்க எதுக்கு வருது? என் பாட்டக் கேக்கத்தான்யா வருது."

முரவாகி மேடையை விட்டு இறங்கினார். அவர் இறங்கி யாரும் பார்த்ததில்லை; அவருக்குக் கால் உண்டா என்றே எங்களில் சிலருக்குச் சந்தேகம் இருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு நேராகத் தொட்டி ஓரத்துக்கே வந்துவிட்டார்.

"உன் பாட்டா? பாடுறது என் டைல்ஸ்யா. நீ இருமுற. என் சுவரு அத வாங்கி, தேச்சுக் குளிப்பாட்டி, பாட்டாக்கித் திருப்பி அனுப்புது. உன் வீட்டுல உட்கார்ந்து பாடிப்பாரு, தெரியும்."

தொகுஜி எழுந்து நின்றார். உடம்பில் ஒன்றுமில்லை என்பது இரண்டு பேருக்குமே அப்போது ஒரு பொருட்டாக இல்லை.

"உன் சுவரையே என் வீட்டுக்குக் கொண்டுபோறேன் பார்."

"கொண்டுபோ. நீ கொண்டுபோயிட்டேன்னு என் வாயால நான் சொல்ற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்காத."

தொகுஜிக்கு வந்த கோபத்தில் வீடுவரை தலைமயிர் தானாகவே காய்ந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு, பாயில் சம்மணமிட்டு, துறைமுகப் பாட்டைப் பாடினார். ஆறு பாய் அறை பாட்டைக் குடித்துவிட்டு ஓர் ஏப்பம்கூட விடவில்லை. இன்னொரு முறை, இன்னும் சத்தமாகப் பாடினார். உமிமூட்டையை உதைத்ததுபோல ஒரு சத்தம் வந்தது. அப்போதுதான் கோபத்துக்கு அடியில் வேறொன்று எட்டிப் பார்த்தது: அந்த ஆள் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? அது எட்டிப் பார்த்த வேகத்தில் கோபம் இரண்டு மடங்காகிவிட்டது.

அன்றிலிருந்து இருபது நிமிடம் நடந்து வேறொரு குளியல்கூடத்துக்குப் போனார். தாழ்ந்த மரக்கூரை, பாடினால் கூரை தலையில் குட்டும். அவர் மனைவி யாசுயோ மட்டும் மாட்சுநோயுவுக்கே போனாள். குளித்து முடித்ததும் ஆண்கள் தடுப்புச்சுவருக்கு மேலாக "நான் கெளம்புறேன்" என்று குரல் கொடுப்பதும், அந்தப் பக்கத்திலிருந்து பெண்டாட்டி "வர்றேன்" என்பதும் எங்கள் வழக்கம். இப்போது யாசுயோவைக் கூப்பிட ஆளில்லை.

"நேத்து பக்கத்து வீட்டுக்காரர் அவர் பொண்டாட்டியக் கூப்பிட்டாரு. என்னத்தான்னு நெனச்சு நான் எந்திரிச்சு ஈரத்தோட வெளிய வந்துட்டேங்க" என்றாள்.

"அந்தப் படுபாவி கூடத்துக்கு நீ ஏன் போற?"

"எனக்கும் அவருக்கும் என்ன சண்டை? நான் துண்ட நனைக்கிறது இல்லையே."

தொகுஜியிடம் ஓய்வுபெற்றபோது வாங்கிய ஸ்டீரியோ ஒன்று இருந்தது. அலமாரி அகலம், ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு. மறுநாளே ரயிலேறி நிப்பொன்பாஷியில் பழைய மின்சாமான் விற்கும் தபுசே அம்மாளின் கடைக்குப் போனார்.

"எதிரொலி வேணும்."

"எவ்வளவு பெருசு?"

"ஒரு குளியல்கூடம் அளவு."

"ஏத்திக்கிட்டுப் போக வண்டி கொண்டாந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, செத்துப்போன மின்சார ஆர்கன் ஒன்றின் வயிற்றிலிருந்து பிடுங்கிய தகரப்பெட்டியை எடுத்து வைத்தாள். உள்ளே முழங்கை நீளத்துக்கு இரண்டு மெல்லிய ஸ்பிரிங். "ஒரு முனையில பாட்ட விடணும். ஸ்பிரிங்குக்குள்ள அது அங்கயும் இங்கயும் முட்டி மோதி, தள்ளாடி அடுத்த முனையில வரும். அத ஸ்டீரியோவில சேர்த்தா எதிரொலி. கோபமா இருக்கும்போது மட்டும் தொடாதீங்க. நடுக்கம் அதுக்கு ஆகாது."

எப்போது தொடக்கூடாதோ அப்போதே தொகுஜி அதைத் தொட்டார். ஸ்டீரியோ பக்கத்தில் பாயில் பெட்டியை வைத்து ஒயரை இணைத்தார். யாசுயோ சோற்றுப்பானையுடன் உள்ளே வந்து ஓர் அடி வைத்தாள். ஸ்பீக்கரில் இடி விழுந்தது. அதைக் கேட்டு ஓசாகாக் கோட்டையின் அகழியில் மீன்கள் கரையேறின என்று தொகுஜி சொல்கிறார். நான் போய்ப் பார்க்கவில்லை. அவள் இரண்டாவது அடி வைத்தாள், இன்னொரு இடி.

"நடக்காத."

"நடக்காம எப்படிச் சோறு போடுறது? பறந்தா வரணும்?"

"அப்ப சோறு வேணாம்."

பத்து நாள் அந்த வீட்டில் யாரும் நடக்கவில்லை, ஊர்ந்தார்கள். பதினோராம் நாள் யாசுயோவுக்குப் பொறுமை போயிற்று. கொசுவலை கட்டுவதற்கு அறையின் நாலு மூலையிலும் வளையங்கள் இருக்குமே, அந்த வளையங்களிலிருந்து தன் பழைய கிமோனோ இடைக்கச்சையைக் கிழித்து நாலு பட்டையாகக் கட்டி, பெட்டியை அறை நடுவில் அந்தரத்தில் தொங்கவிட்டாள். இடி நின்றது. தொகுஜி மைக்கில் பாடினார். பாட்டு வளர்ந்து, நிமிர்ந்து, ஈரத்தோடு வெளியே வந்தது. ஆனால் அது மாட்சுநோயு இல்லை. ஏதோ ஒரு கிணறு.

ஆம்ப்ளிஃபயரைத் திருகினார், திட்டினார். ஒரு ஸ்பிரிங்கை அவிழ்த்தார், அதையும் திட்டினார். அது தன்னைப் பார்த்து முரவாகி மாதிரியே சிரிப்பதாகச் சொன்னார். ஒருநாள் பெட்டியைக் கால்வாயில் எறியப் போய், பாலத்தின் நடுவில் நின்று அரைமணி நேரம் அதைத் திட்டிவிட்டுத் திரும்பினார்.

யாசுயோ காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள்: "இது வெறும் ஆம்பளைங்க பக்கம்."

"என்னது?"

"தடுப்புச்சுவரு மேல தொறந்துதான கிடக்கு. உங்க பாட்டு அதத் தாண்டி எங்க பக்கம் வரும். எங்க பக்கத்து மலைச் சுவருல போய் இடிச்சு, கொஞ்சம் பிந்தி உங்க பக்கம் திரும்பும். இருபது வருஷமா அந்தப் பக்கம் உட்கார்ந்து கேக்குறேன். ஒவ்வொரு அடியும் எனக்கு ரெண்டு வாட்டி வரும். மொதல்ல போகும்போது, அப்புறம் திரும்பும்போது."

"இத ஏன் ஒரு மாசமா சொல்லல?"

"கோபத்துல இருக்கும்போது உங்களுக்குக் காது கேக்காதே."

தொகுஜி கத்த வாய் திறந்து, கத்தாமல் மூடிக்கொண்டார். திருமணமான முப்பத்தேழு வருடத்தில் அது முதல் தடவை என்று யாசுயோ சொல்கிறாள்.

அவர்கள் வீட்டில் ஆறு பாய் அறைக்கும் சமையலறைக்கும் நடுவே இழுகதவு; கதவுக்கு மேலே எல்லா வீட்டிலும் இருப்பதுபோல மரச்சட்டம் போட்ட திறப்பு. ஒரு ஸ்பீக்கர் அறையிலேயே நின்றது. இன்னொன்றைச் சமையலறையில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார்கள். அதற்குப் போகும் குரலை முதலில் ஒரு டேப் ரெக்கார்டரில் பதிந்து, நாடா ஒரு சாண் ஓடிய பிறகு எடுத்தார்கள். அந்த ஒரு சாண்தான் பெண்கள் பக்கம் போய்த் திரும்பும் நேரம். ஒரு சாணா, இரண்டு விரல் குறைவா என்பதை யாசுயோதான் காதால் அளந்து சொன்னாள். அடுத்த வெள்ளிக்கிழமை, மாட்சுநோயுவுக்கு வார விடுமுறை, நாலு மணிக்கு வரும்படி முரவாகிக்கு ஆள் போயிற்று.

மரச்செருப்பு தெருவை உடைக்கிற மாதிரி சத்தம் போட முரவாகி வந்தார். சாட்சிக்குத் தோஃபு கடைக்காரரையும் இழுத்துக்கொண்டு வந்தார். அந்தரத்தில் தொங்கும் தகரப்பெட்டியைப் பார்த்தார்.

"இதுவா என் கூடம்? கருவாடு காயப்போட்ட மாதிரி இருக்கு."

"உட்காருய்யா. காதால பேசு, வாயால இல்ல."

"தோத்தா இந்தத் தெருவுல வாயத் திறக்கக்கூடாது, தெரியும்ல?"

"ஜெயிச்சா நாளைக்கு நாலு மணிக்கு நான் மொத ஆளு."

"அதையும் பாப்போம். நீ பாடுறதுக்கு முன்னாடி இவரு உனக்கு ஒரு தோஃபு கட்டி குடுக்கட்டும். அதுவாவது தொண்டைக்குள்ள வழுக்கும்."

யாசுயோ முரவாகியைப் பாயில் உட்கார விடவில்லை. "அது உங்களுக்குப் பழக்கமில்லையே" என்று சொல்லி, தேயிலைப் பெட்டிமேல் நாலு மெத்தை அடுக்கி, இழுகதவின் சட்டத்துக்கு நேர் கீழே வைத்தாள். அவர் ஏறி உட்கார்ந்தார். இடது காதில் அறை, வலது காதில் சமையலறை. அவருடைய துண்டாலேயே அவர் கண்ணைக் கட்டினாள். அடுப்பில் கெட்டில் கொதித்து ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஏன் கொதிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. தொகுஜி மைக்கோடு மெத்தை வைக்கும் அலமாரிக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே இருந்தால் ஸ்பீக்கர் ஊளையிடும்.

முதல் அடி வந்தது.

"பானைக்குள்ள பூனை" என்றார் முரவாகி.

இரண்டாம் அடி. அது அறையில் எழுந்து, சட்டத்தைத் தாண்டி, சமையலறைச் சுவரில் மோதி, கொஞ்சம் பிந்தித் திரும்பி வந்தது. முரவாகியின் தலை சமையலறைப் பக்கம் திரும்பியது. ஆவி அவர் முகத்தில் பட்டது. அலமாரிக்குள் தொகுஜி குளிக்க எடுத்துப்போகும் மஞ்சள் வாளி தரையில் இடித்தது. அந்தச் சத்தம் இரண்டு பக்கமும் உருண்டது. முரவாகியின் முதுகு நிமிர்ந்தது. வலது கை, எதையோ வாங்கிப் பெட்டியில் போடுவதுபோல, தானாகவே நீண்டது.

மூன்றாம் அடி. "வருவாயா" என்ற உச்சம்.

"துண்டு, தொகுஜி, துண்டு. தண்ணிய விட்டு வெளிய எடுய்யா."

கூரை அதிரும்படி கத்தியவர் தேயிலைப் பெட்டிமேல் எழுந்து நின்று காலை உதைத்தார். அந்தரத்தில் பெட்டி ஆடியது. ஸ்பிரிங் இரண்டும் சேர்ந்து போட்ட இடியில் தோஃபு கடைக்காரர் இழுகதவோடு சாய்ந்தார். அலமாரிக் கதவு திறந்தது. தொகுஜி வெளியே வந்தார், தலையில் நாலாக மடித்த காய்ந்த துண்டோடு.

"எந்தத் தண்ணி?" என்று கேட்டார்.

முரவாகி கண்கட்டை அவிழ்த்தார். கெட்டிலைப் பார்த்தார், மெத்தைகளைப் பார்த்தார், முகம் வெந்த இறால் நிறத்துக்கு வந்தது.

"அது பழக்கதோஷம்யா."

"பழக்கம் சரி. எந்த இடத்துப் பழக்கம்?" என்றார் தரையிலிருந்தபடியே தோஃபு கடைக்காரர்.

"நீ எந்திரிச்சு அந்தக் கதவப் பாரு." முரவாகி கீழே இறங்கினார். செருப்பை மாட்டினார், இடது காலில் வலது செருப்பு. வாசலைத் தாண்டியும் போய்விட்டார். தொகுஜி அந்த இடத்திலேயே நின்றார். வாயால் சொல்ல வேண்டும் என்பதுதான் பேச்சு. அந்த ஆள் சொல்லவில்லை.

மறுநாள் நாலு மணிக்கு முன்பே மாட்சுநோயு வாசலில் கூட்டம். தொகுஜி துண்டும் வாளியுமாக வாசற்படிக்கு ஓர் அடி முன்னால் நின்றார், மிதிக்கவில்லை. முரவாகி கதவைத் திறந்து எல்லாரையும் முறைத்தார்.

முடிவெட்டுபவர் கேட்டார்: "என்ன முரவாகி-சான், உங்க கூடத்த இந்த மனுஷன் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயிட்டாராமே. தோஃபு கடைக்காரர் சொல்றாரு. பொய்தான?"

முரவாகிக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. யாசுயோவைப் பார்த்தார், தொகுஜியின் காலைப் பார்த்தார்.

"பொய்யின்னா நான் ஏன்யா இந்நேரம் கத்தாம நிக்கிறேன்? ரெண்டு பக்கமும் தூக்கிட்டுப் போனான். நான் மேடையில உட்கார்ந்திருக்கும்போதே தூக்கிட்டுப் போனான், ஒரு சொட்டு சிந்தல. நடந்துச்சு, போதுமா? உள்ள வா."