புள்ளியை மட்டும் பார்

புதிய கருவி வந்த நாளிலேயே ரஸ் ப்ராஸ்கோ அதற்கு 'ஜோசியப் பெட்டி' என்று பெயர் வைத்துவிட்டான். பார்வைக்கு அது ஒரு தொலைநோக்கி மாதிரி இருக்கும். கண்களை அதில் பதித்து, உள்ளே ஓடும் வெள்ளைப் புள்ளியை ஒரு நிமிடம் பின்தொடர வேண்டும். தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருந்தால் கண்கள் புள்ளியைப் பிடிக்க முடியாமல் தடுமாறும். நல்ல நிலையில் இருந்தபோது எடுத்த அளவோடு ஒப்பிட்டு, பச்சையா சிவப்பா என்று சின்னத் திரை சொல்லிவிடும்.

ரஸ் ஹாலர்ஸ்பர்க் உயர்நிலைப் பள்ளியின் கால்பந்து கோச். பென்சில்வேனியாவின் அந்த மூலையில் கால்பந்து என்றால் காலால் உதைப்பதல்ல. முட்டை வடிவப் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எதிரே வருகிறவனை முட்டித் தள்ளி ஓடுவது. அவன் மனைவி கொரீனுக்கு அதே அணியில் காயம் பார்க்கும் வேலை. புருஷன் முட்டச் சொல்வான், பெண்டாட்டி முட்டியவர்களைத் தூக்கி உட்காரவைப்பாள். ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

முன்பு இதைச் சோதிக்க அவளிடம் ஓர் அட்டைதான் இருந்தது. அதிலுள்ள ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டு, சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அட்டையை வருடக்கணக்காக யாரும் மாற்றவில்லை. அண்ணன்மார் தம்பிமாருக்குப் பள்ளிப் பேருந்திலேயே பாடம் நடத்திவிட்டார்கள். முழங்கால் பிசகி வந்த ஒருவன், அவள் வாய் திறப்பதற்குள் ஐந்தையும் ஒப்பித்தபோதுதான் கொரீனுக்கு விஷயம் புரிந்தது. பெட்டிக்காகப் பள்ளி நிர்வாகத்தின் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கினாள்.

ஆகஸ்டில் பையன்களுக்கு அளவு எடுத்தபோது, கோச்சும் உட்கார வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடித்தார்கள்.

"பயமா கோச்?" என்றான் அணித்தலைவன் லட்டிமோர்.

ரஸ் தேவைக்கு அதிகமாகவே சிரித்தான். கல்லூரி நாட்களில் அவனும் ஆடியவன். தலையில் அடிபட்டுக் கண்ணில் பூச்சி பறந்த கதைகளையெல்லாம் விருந்துகளில் நடித்தே காட்டுவான். சமீப காலமாகக் கார்ச் சாவியைத் தேடுகிறான், தங்கை மகன் பேர் நாக்கு நுனியில் வந்து நின்றுவிடுகிறது. ஐம்பதைத் தாண்டினால் யாருக்குத்தான் இல்லை என்று கொரீன் தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அன்று அவன் அளவு வயதுக்கேற்றபடியே இருந்தது. அவள் பொருள் வைக்கும் அறைக்குள் போய், கட்டுத்துணிச் சுருள்களுக்கு நடுவே நின்று நிம்மதியாக மூச்சுவிட்டு வந்தாள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம், பெண்டன் பள்ளியோடு ஆட்டம். பந்தோடு கோட்டோரம் ஓடிவந்த லட்டிமோரை எதிரணிக்காரன் வெளியே தள்ள, அவன் நேராகக் கோட்டுக்கு வெளியே நின்ற ரஸ் மேல் வந்து விழுந்தான். ரஸ்ஸின் பின்மண்டை தரையில் இடித்தது. லட்டிமோர் எழுந்தான். ரஸ்ஸும் எழுந்து தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு, "டோனியை உள்ள அனுப்பு!" என்று கத்தினான்.

டோனி படிப்பு முடித்துப் போய் இரண்டு வருடமாகிறது. கோச் கேலி செய்கிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். கொரீன் சிரிக்கவில்லை.

"உக்காரு ரஸ்."

"உன் பழைய அட்டைதானே? விரல், ரொட்டி, தலையணை, எலுமிச்சை, பூச்சி. போதுமா?"

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"உன் வேலைய மிச்சம் பண்ணேன்."

"பெட்டியில கண்ண வை."

"நான் என்ன ஆட்டக்காரனா? விதி அவனுங்களுக்குத்தான்."

அது உண்மைதான். கோச்சை உட்காரவைக்க எந்த விதியும் இல்லை. விட்டுவிடலாம்தான், அவன் நிற்கிறான், கத்துகிறான், ஊர் கைதட்டுகிறது. சிவப்பு வந்தால் இன்றைக்கு விழுந்ததோடு அது நிற்குமா, பழைய அடிகள் வரை போகுமா என்றுதான் அவளுக்குப் பயம். ஆனாலும் பெட்டியை நீட்டினாள்.

"போன மாசம் என்னை உக்கார வச்சப்போ என்ன கோச் சொன்னீங்க?" என்றான் லட்டிமோர். "ஜோசியக்காரி சொன்னா சொன்னதுதான்னு."

"நீ போய்த் தண்ணி குடி."

"குடிச்சாச்சு கோச்."

ரஸ் முனகிக்கொண்டே குனிந்தான்.

"புள்ளிய மட்டும் பாரு," என்றாள் கொரீன்.

கையிலிருந்த திரையில் அவன் இரண்டு கண்களும் பெரிதாக வந்தன. அடுத்தவள் பெற்ற பிள்ளைகளின் கண்களைத்தான் அவள் காலமெல்லாம் உற்றுப் பார்த்திருக்கிறாள். இவனைப் பார்த்ததெல்லாம் பக்கவாட்டில்தான்: காரில், சோபாவில், இந்தக் கோட்டோரத்தில். பழுப்பு நிறத்தில் ஒரு பச்சை நூல் ஓடுவது மறந்தே போயிருந்தது. அந்தக் கண்கள் புள்ளியைத் தொட்டன, தவறவிட்டன, ஓடிப்போய்ப் பிடித்தன, மறுபடி தவறவிட்டன.

சிவப்பு.

சிவப்பு வந்த பையன்களிடம் அவள் முதலில் செய்வது தலைக்கவசத்தைப் பிடுங்கி ஒளித்துவைப்பது. இல்லையென்றால் மாட்டிக்கொண்டு ஆட்டத்துக்குள் நழுவிவிடுவார்கள். ரஸ்ஸிடம் இருந்தது ஆட்ட உத்தரவு கொடுக்கும் ஹெட்செட். அதைக் காதிலிருந்து கழற்றித் துணைக் கோச் கிப்பிடம் கொடுத்தாள்.

"கொரீன், வீட்டுக்கு வா, பேசிக்கறேன்."

"தாராளமா. இப்போ ஆம்புலன்ஸ்ல ஏறு."

பையன்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் ரஸ்ஸை அடக்கியது என்று அவளுக்குத் தோன்றியது. அணியின் மருத்துவரும் ஒருமுறை பார்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். பையன்களைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். கோட்டுக்கு அப்பால் எப்போதும் நிற்கும் வண்டியில் ரஸ் படுத்துக்கொண்டான். கொரீன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது இன்னிக்கு விழுந்ததாலயா?" என்றான், கூரையைப் பார்த்துக்கொண்டு. "இல்ல, பழசா?"

"இன்னிக்கு விழுந்தது. பழசெல்லாம் இந்தப் பெட்டிக்குத் தெரியாது."

"உனக்கு?"

"எனக்கும் தெரியாது ரஸ்."

"ஆகஸ்டுல நான் குனிஞ்சிருந்தப்போ நீ மூச்சே விடல. எனக்குக் கேட்டுச்சு."

தன் பயம் தனக்கு மட்டும் சொந்தம் என்று எண்ணியிருந்தாள்.

"சாவி ஒண்ணு மட்டும் இல்ல," என்றான் அவன். "இன்னும் இருக்கு. உங்கிட்ட சொல்லல."

"டாக்டர்கிட்ட சொல்லு. நானும் கூட உக்காந்து கேக்கறேன்."

"திட்டுவியே."

"அது எப்பவும் உள்ளதுதானே."

மைதானத்தில் பெரும் கூச்சல் எழுந்தது. ரஸ் தலையைத் தூக்கப் பார்த்தான். அவள் அவன் நெற்றியில் கைவைத்து அழுத்தினாள்.

"பாயிண்ட் எடுத்தது நாமளா?"

அவள் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். "நாமதான்."

"நான் சொல்லிவச்ச உத்தியா?"

"இல்ல. கிப்போட சொந்த யோசனை."

ரஸ் கண்களை மூடிக்கொண்டான். "அப்போ அது எனக்கு ஞாபகமே இல்லன்னு டாக்டர் சீட்டுல எழுதிக்கோ."

கொரீன் சிரித்தபடி ஓட்டுநரிடம் வண்டியை எடுக்கச் சொன்னாள்.