பத்து மணிக்கு மேல் முன்னறை

"மழை கொட்டுறது உங்க கண்ணுக்குத் தெரியலையா? இதுல அவரை எங்கேம்மா கூட்டிட்டுப் போறது?"

"போன வருஷமும்தான் கொட்டுச்சு. குடை எடுத்துட்டுப் போகலையா? பத்து மணிக்குக் கிளம்பணும், அஞ்சு மணிக்குத்தான் திரும்பி வரணும். ராணியே வந்து தங்கினாலும் இதான் சட்டம்!"

முதல் குரல் நெல்லி. இரண்டாவது, பக்கத்து விடுதிக்காரி ஹில்டா. நான் என் விடுதியின் வாசற்படியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மழையில் யாராவது படி தேய்ப்பார்களா என்று கேட்காதீர்கள்.

வட இங்கிலாந்தின் மோர்கம் கடற்கரையில் எல்லா விடுதிகளிலும் அதே சட்டம்தான். காலைச் சாப்பாடு ஆனதும் வந்தவர்களைக் கடலுக்குத் துரத்திவிட்டு வீட்டைப் பெருக்குவோம். நெல்லியும் அவள் கணவர் வில்ஃப்ரெடும் பஞ்சாலையை விடுமுறைக்கு மூடும் வாரத்தில் ஆண்டுதோறும் ஹில்டாவிடம் வருகிறவர்கள், ஒருநாளும் முணுமுணுத்ததில்லை. இந்த முறை வில்ஃப்ரெடின் கோட்டு தடித்த அண்ணனிடம் இரவல் வாங்கியதுபோல் தொளதொளவென்று தொங்கியது.

"முன்னறை சன்னல்கிட்ட ஒரு நாற்காலி போடுங்க, போதும். கடலைப் பாத்துட்டு சும்மா இருப்பாரு."

"அவருக்குப் போட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க. என்ன, பெரிய துரையா அவரு?"

நெல்லியின் குரல் உடைந்தது. "கிறிஸ்துமஸ் வரைக்கும் தாங்க மாட்டாருன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அவருக்கே தெரியாது. உங்ககிட்ட சொல்லியிருந்தா, வீட்ல சாவு விழுந்துடும்னு அறையே குடுத்திருக்க மாட்டீங்க!"

அப்போதுதான் ஹில்டாவின் திறந்த வாசல் வழியே பார்த்தேன். அவளுக்குப் பின்னால் மாடிப்படியில் வில்ஃப்ரெட், தொப்பி கையில்.

"ஈஸ்டர்லேருந்தே எனக்குத் தெரியும், நெல்லி. நீ பயந்துக்குவியேன்னுதான் சொல்லல. வா, போலாம். அந்தம்மா வீடு பெருக்கணும்ல?"

அவர் ஒவ்வொரு படியாக இறங்கி வந்து நெல்லியின் தோளைப் பிடித்துக்கொண்டார். சாப்பாட்டு மேசையில் உப்புக் குப்பி வைப்பதற்குக்கூடத் தனியாகக் காசு வாங்குகிற ஹில்டா வாசற்கதவைச் சாத்தினாள், அவர்கள் இருவரும் உள்ளே இருக்கும்போதே. பிறகு முன்னறைத் திரை விலகியது. தன்னுடைய சாய்வு நாற்காலியை அவளே சன்னலோரம் இழுத்துப் போட்டாள்.

ஒருவருக்காகத் திறந்ததை மற்றவர்களுக்கு எப்படி மூடுவது? ஆகஸ்ட் முடிவதற்குள் மழை நாளெல்லாம் அந்த முன்னறையில் சீட்டாட்டம், ஹில்டா பெருக்கக்கூட இடமில்லை. வில்ஃப்ரெட் அக்டோபரில் போனார். அடுத்த ஆண்டு ஹில்டா விடுதியை விற்றுவிட்டு லீட்ஸில் தங்கை வீட்டோடு போய்விட்டாள். நெல்லி, ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவரை மணந்துகொண்டாள். தேனிலவுக்குக் கடலே இல்லாத ஊராகப் பார்த்துப் போனார்களாம்.